திரும்பி நின்ற எழுத்து

டெல்லி நாணயசாலையில் அச்சு வெட்டுபவர் மவ்தூத். அவர் மகன் அரியணைச் சண்டையில் தோற்றவர் பக்கம் நின்றவன்; அவன் உடல் கோட்டை வாசலில் தொங்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் புதுச் சுல்தான் பெயரில் நாணயம் வந்தால் இறக்கித் தருவதாகப் பேச்சு.

முதல் நாணயத்தை அதிகாரி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்ன உஸ்தாத், எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது? அச்சுல இடவலம் மாத்தி வெட்டணும்னு நேத்து சேர்ந்தவனுக்கே தெரியுமே!”

“நேரா வெட்டிட்டேன்போல.”

“போலவாம்! உங்களுக்காக எத்தனை பேர் கால்ல விழுந்தேன்!”

“வேற வெட்டித் தர்றேன்.”

“தொழுகைக்குப் பாங்கு சொல்லியாச்சு. இனி அடுத்த வெள்ளிதான்.”

“வீட்டுல அவன் அம்மா அவனைக் குளிப்பாட்டத் தண்ணி காய வச்சிருக்கா.”

“அடுப்பை அணைக்கச் சொல்லுங்க.”

மவ்தூத் தலையாட்டிவிட்டு வேறொரு இரும்புத் துண்டை எடுத்தார்.