இறங்கும்போது வெள்ளைக் கட்டை

இருபத்தாறு வருஷமாக பொலோன்யா நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஐம்பது வயதில் உனக்கெதற்கு பியானோ என்று கேட்காத ஆள் எங்கள் கட்டடத்தில் இல்லை. போன வருஷம் பியானோத் தேர்வில் தோற்றேன். வருகிற வியாழக்கிழமைத் தேர்வுக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன்.

தேர்வில், வழக்கத்தில் இல்லாத ஒரு ஸ்வர வரிசையை அவரவரே தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும். சுலபமானதாக எடு என்றார்கள். அப்படிச் சொன்னதாலேயே, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் புதிராகக் கட்டிவைத்ததை எடுத்தேன். அதன் ஆரோகணம் வேறு, அவரோகணம் வேறு. காது எங்கேயும் உட்கார முடியாது.

கீழ்வீட்டு குவால்தியேரோ கட்டடக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தேவாலயப் பாடகர் குழுவில் நாற்பது வருஷம். ஒர்னெல்லா அந்த வரிசையை இங்கே வாசிக்கக் கூடாது என்று என் பெயரைப் போட்டே கோரிக்கை. எங்களுக்கு வீட்டின் அளவுக்குத்தான் ஓட்டு. ஆயிரம் பங்கில் அவருக்கு நூற்றிருபது, எனக்கு நாற்பத்தொன்று. வேறெங்காவது போய்ப் பழக எனக்கு வேறு பியானோவும் கிடையாது.

திங்கட்கிழமை எல்லோரும் சைக்கிள் அறையில் கூடினோம்.

"மத்தியானம் தூங்குற நேரத்துல பியானோவத் தொட்டேனா?" என்றேன்.

"தொடல" என்றார் குவால்தியேரோ.

"அப்புறம் என்னய்யா?"

"சத்தம் பிரச்சனை இல்லம்மா. அது பாட்டே இல்ல. உருளைக்கிழங்கு மூட்டை அவுந்து படியில உருண்டாப்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டாம் மாடி புரூனோ ஒரே மசூர்கா டான்ஸ் மெட்ட அக்கார்டியன்ல பத்து வருஷமா அறுக்கிறான். அவனுக்கு ஓட்டெடுப்பு இல்ல! போடுங்க ஓட்ட. தடை போட்டாலும் வாசிப்பேன். போலீசோட வாங்க."

"திமிரப் பாத்தீங்களா! இதக் கேட்டுட்டே ஓட்டுப் போடுங்க" என்று குவால்தியேரோ எழுந்து நின்று பாடினார். கேலிக்குத்தான். அந்த வரிசையில் ஏறினார், இறங்கினார். நான் வாசிப்பது அச்சு அசலாக வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இறங்குறத மட்டும் இன்னொரு தடவ பாடுங்க."

பாடினார். வரிசைப்படி, ஃபா என்ற ஸ்வரம் ஏறும்போது கறுப்புக் கட்டை, இறங்கும்போது வெள்ளைக் கட்டை. அவர் இறங்கும்போதும் கறுப்பிலேயே நின்றார்.

"தப்பு" என்றேன்.

"தப்பா? மூணு வாரமா நீ வாசிக்கிறதத்தானே பாடினேன்!"

"ஆமா. நாந்தான் தப்பா வாசிச்சிருக்கேன்."

சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் மூன்றே நாள். ஆனால் என்னைவிட அவர் முகம்தான் சிவந்து போனது.

"நாப்பது வருஷத்துல ஒரு ஸ்வரம் தப்பாப் பாடினவன் இல்ல நான். எம் மண்டையில தப்ப ஏத்திவச்சிட்டு, நிறுத்திட்டுப் போயிடுவியா? தடையும் வேணாம், மண்ணும் வேணாம். சரியா வாசிச்சு நீயே இத வெளிய எடு!"

மறுநாள் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஆறு முறை சரியாக இறங்கினேன். ஏழாவது முறை விரல் பழைய புத்தியில் கறுப்பில் விழுந்தது. கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் ஒரே ஒரு தட்டு.

"தெரியும்யா!" என்று தரையைப் பார்த்துக் கத்திவிட்டு, மறுபடி உச்சியிலிருந்து இறங்கினேன்.