சக்கரவர்த்தி முதலில் ஆடமாட்டார்

அக்காள் புருஷன் எழுதிய விண்வெளி நாவலைப் படித்ததும் தச்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் சக்கரவர்த்தியோடு நட்சத்திரக்கட்டம் என்ற காய் ஆட்டம் ஆடி, ஒவ்வொரு முறையும் தோற்று அசடு வழிகிற கோமாளியும் ஒரு தச்சன். அச்சு அசல் இவனைப் போலவே மூக்கை உறிஞ்சுகிறவன்.

நாவலில் இருந்த விதிப்படியே பலகை செய்து, மூன்று மாதம் ஆடிப் பார்த்தான். சரியாக ஆடினால், முதலில் காய் நகர்த்துகிறவன் தோற்க வழியே இல்லை. சக்கரவர்த்தியோ முதலில் நகர்த்தக் கூடாது; அது மாமா பெருமைக்கு எழுதி வைத்த விதி.

அந்த நாவலுக்கு நடந்த வாசகர் கூட்டத்தில் பலகையை விரித்தான்.

"நீங்க சக்கரவர்த்தி, மாமா. நான் தச்சன்."

ஐந்து ஆட்டத்திலும் மாமா மண்ணைக் கவ்வினார். வாசகர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்தத் தடவ நான் முதல்ல ஆடுறேன்டா" என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

இவன் நிதானமாக மூக்கை உறிஞ்சினான்.

"தாராளமா ஆடுங்க மாமா. அப்ப நீங்கதான் தச்சன்."