இரண்டு மாத்திரை, ஒரே மடக்கு

...சொல்லக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது, விழுங்கட்டும், இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே மடக்குப் பாலில் விழுங்கட்டும், ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாது என்று மருந்துக்கடைக்காரர் எனக்கு மட்டும் முன்கூட்டியா சொன்னார், பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அதற்கு வலிப்பு வந்து கை கால் இழுத்த பிறகுதானே... தையல் இயந்திரத்தை மிதித்தபடியே அவள் பார்த்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஏழு மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, அண்ணி நீட்டிய பாலோடு மாத்திரைகளை உள்ளே தள்ளினாள். இதே நாத்தனார்தான், நாலு வருஷத்துக்கு முன்னால், நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, "அண்ணி நடக்கறதைப் பாரும்மா, வாத்து தோத்துது! வேலைன்னா மட்டும் கால் வலிக்கும்" என்று மாமியாரிடம் சொல்லிச் சிரித்தவள், டாக்டர் சொன்னாரே என்று வெயிலில் நின்றால், "என்ன அண்ணி, வடாம் மாதிரி காயறீங்க?" என்றவள். மறக்குமா? பிள்ளை இரண்டு வயது வரை நடக்கவில்லையே, வயிறு எரியாதா? கடவுளே, நான் ஒன்றும் செய்யவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன், பேசாமல் இருப்பதும் பாவக் கணக்கில் சேருமா... இவள் இப்படி விழுங்க ஆரம்பித்த பதினெட்டு நாளாக என் வாயில் கொழுக்கட்டை, பட்டால்தான் தெரியும், படட்டும்...

"ஐயோ, அண்ணி! கால்... கால்!"

கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. மனசு நகருமுன் கை நகர்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, குதிகாலைப் பிடித்து, விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல வளைத்தாள், தனக்கு யாரும் செய்யாதது, தானே சுவரில் பாதத்தை ஊன்றிக் கற்றுக்கொண்டது... இறுக்கம் தளர்ந்தது. நாத்தனாரின் கண்ணில் நீர்.

"உங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதா அண்ணி? நான் பாவி, சிரிச்சேனே..."

நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்தபோது இனிக்கவில்லை.

"ரெண்டையும் சேர்த்துப் போடாதே. இரும்பு மாத்திரை காலையில, பால் இல்லாம. கால்சியம் மத்தியானம், சாப்பிட்டப்புறம். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு, எலும்புக்கு நல்லது."

"நீங்க இல்லேன்னா எனக்கு யாரு அண்ணி?" நாத்தனார் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சொல்லிவிட்டேன், நல்லதுதான், தெய்வம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இவள் 'உங்களுக்கும் வலிச்சுதா' என்று கேட்காமலே எழுந்து மாடிக்குப் போயிருந்தால்... நாளைக் காலையிலும் பால் டம்ளரை நானே நீட்டியிருப்பேனோ?