விற்கப் போகும் வண்டிக்கு ஒரு வைப்பர் சுவிட்ச்

எங்கள் பிக்கப் வண்டிக்குப் புத்தி பேதலித்து ஒரு வருஷம் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வைப்பர் தானாக ஓடும். காய்ந்த கண்ணாடியைக் கரக் கரக்கென்று தேய்த்துக்கொண்டே வரும். தெருவில் நிற்பவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் சுவிட்சை மேலே தள்ளினாலும் ஒன்றுதான், கீழே இழுத்தாலும் ஒன்றுதான். சொன்ன பேச்சைக் கேட்காது.

நானும் சளைத்தவள் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைப்பருக்கென்று விரல் நகம் அளவில் ஒரு நீல ஃபியூஸ் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் வைப்பர் கப்சிப். மழை வந்தால் ஓரங்கட்டி மாட்டுவேன், விட்டதும் பிடுங்கிவிடுவேன். மெக்கானிக் இரண்டு தடவை சுவிட்சைச் சுத்தம் செய்து கொடுத்தார். நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் பூச்செடியும் பழக்கன்றும் வளர்த்து விற்பது என் பிழைப்பு. வண்டி என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. ஓட்டுவது நான், தொட்டிகளை ஏற்றி இறக்குவது நான், அதோடு மல்லுக்கட்டுவதும் நான். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவர்.

போன மாதம் ஒரு நாள் அடைமழையில் மாட்டிக்கொண்டேன். ஃபியூஸ் போட்டும் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து, நனைந்த கோழியாக வீடு வந்து சேர்ந்தேன். அவர் குடைகூட இல்லாமல் கேட்டில் நின்றிருந்தார். ஒரு துண்டை எடுத்து நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் வண்டியை விற்கப் போவதாக அறிவித்தார். செலவு வைக்கிற வண்டியாம். வேண்டுமென்றால் வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாமாம்.

வாடகை வண்டியைப் பற்றி எனக்கா தெரியாது? இதோ வருகிறேன் என்பான், செடி வாடி வதங்கிய பிறகு வருவான். தொட்டியைப் போட்டு உடைத்துவிட்டு நம்மையே முறைப்பான். என் வண்டி என்றால் நினைத்த நேரத்தில் கிளம்புவேன். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால்தான் நான் யாருக்கும் காத்துக் கிடக்காத மனுஷி. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. சுவிட்சைப் புதிதாக மாற்றினால் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. நானும் விடவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து, காலித் தொட்டி ஒன்றில் ஒளித்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் தீவனக் கடைக்காரர் வண்டி பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் வெளியூரில் இருந்தார். ஒளித்து வைத்த சுவிட்சை எடுத்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனேன்.

முன்னறையில் என் நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறாள். அவருக்குத் தங்கை. தொழிலுக்கும் வாய்க்கும் பொருத்தமாக வீட்டில் அவளுக்கு ஊசி என்று பேர். அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தால் அவள் எப்போதும் என் கட்சி. விஷயத்தைக் கேட்டதும் பாதி தைத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"பிரிக்கிறது பெரிய விஷயமில்ல அண்ணி. எதை எங்கேருந்து பிரிச்சோம்னு தெரியணும். அதை என்கிட்ட விடுங்க."

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் மூடியின் வயிற்றுப் பக்கம் மூன்று ஸ்க்ரூ இருந்தன. மல்லாந்து படுத்து நான் கழற்றினேன். தூசியும் கரியும் என் முகத்தில்தான். கழற்றிய ஸ்க்ரூவை ஊசி தன் பாபின் டப்பாவில், இருந்த வரிசையிலேயே போட்டாள். மூடி இரண்டு பாதியாகப் பிரிய வேண்டும், பிரிவேனா என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கப் போனேன். ஊசி என் கையைத் தட்டிவிட்டு, துணி கிழியாமல் தையல் பிரிக்கிற பதத்தில், ஓரமாக ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெதுவாக நெம்பினாள். கடக்கென்று திறந்துகொண்டது.

உள்ளே வயர்கள். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஊசிக்குச் சுற்றவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நூல்கண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிளக்கிலும் அது சொருகியிருந்த இடத்திலும் ஒரே நிற நூலைக் கட்டினாள். சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு. ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னத் திருவிழா நடப்பது போல இருந்தது. அதன் பிறகுதான் பிளக்கின் நாக்கை அழுத்தி என்னை உருவ விட்டாள்.

பழைய சுவிட்ச் கையோடு வந்தது. உள்ளே கருகியிருந்தது. ஒரு வருஷமாக என்னை ஆட்டி வைத்தவன் இவன்தானா என்று இரண்டு திட்டு திட்டினேன். புதியதை வைத்து, நூல் பார்த்துச் சொருகி, மூடியை மூடி, பேட்டரியையும் மாட்டினோம். ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை. அதற்கே நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

சாவியைத் திருகினேன். ஹாரன் அடித்தது. விளக்கு எரிந்தது. வைப்பர் அசையவில்லை. தள்ளினேன், இழுத்தேன், கெஞ்சினேன். பிணம் மாதிரி கிடந்தது. ஊசி நூல்களை மறுபடி சரிபார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் இறங்கி டயரை ஓங்கி உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. வீட்டுக்காரரும் தீவனக் கடைக்காரரும். நூல்கண்டுகளையும் என் முகத்திலிருந்த கரியையும் பார்த்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தீவனக் கடைக்காரர் தங்கமான மனுஷர். சுற்றி வந்து பார்த்தார், எஞ்சினைப் போட்டுக் கேட்டார், வைப்பர் ஓடாததையும் பார்த்தார். பரவாயில்லை, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டாவது சாவி இருக்கிறதா என்றும் கேட்டார். அது என் பர்ஸில் இருந்தது.

எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. பர்ஸை எடுத்து வந்து, வண்டியின் பானெட் மேலேயே கவிழ்த்துக் கொட்டினேன். சில்லறை விழுந்தது. ஹேர்பின் விழுந்தது. சாவி விழுந்தது. சாவிக்குப் பின்னாலேயே விரல் நகம் அளவில், நீலமாக, ஒன்று உருண்டு வந்து நின்றது.

நான் ஊசியைப் பார்த்தேன். ஊசி என்னைப் பார்த்தாள். மழை வந்தால் மாட்டு, விட்டால் பிடுங்கிப் பர்ஸில் போடு என்று ஒரு வருஷம் பழகிய கை. வெயில் நாளில் அந்த ஃபியூஸ் வண்டியில் இருக்காது என்பதே எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அடக்க முடியாமல் சிரித்தோம். ஆண்கள் இரண்டு பேரும் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனார்கள்.

வண்டியில் ஏறி, குனிந்து ஃபியூஸை மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தள்ளினேன். வைப்பர் எழுந்தது. மெதுவாக ஓடு என்றால் மெதுவாக ஓடியது, வேகமாக என்றால் வேகமாக. நிறுத்தினேன். அடக்க ஒடுக்கமாகக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. ஊசி செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கண்ணாடியில் பீய்ச்சினாள். ஒரே துடைப்பில் எதிரே நின்ற என் வீட்டுக்காரர் முகம் பளிச்சென்று தெரிந்தது.

தீவனக் கடைக்காரருக்கும் ஏக சந்தோஷம். அப்படியானால் முதலில் பேசின விலையையே தந்துவிடுகிறேன் என்றார். என் கையாலேயே என் வண்டிக்கு விலையை ஏற்றி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார், நிறுத்தினார். மறுபடி போட்டார்.

"இது நடுவுல நின்னுடாதே?" என்று கேட்டார்.

நிற்காது என்றேன். ஊசி குழாயை இன்னும் பலமாகத் திறந்துவிட்டாள். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார்.

"அன்னைக்கு மழையில நீ வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. அதான் விக்கணும்னு சொன்னேன். செலவு கிலவு எல்லாம் சும்மா."

ஒரு வாரமாக இந்த மனுஷனை மனசுக்குள் நான் என்னென்ன திட்டியிருக்கிறேன். அவர் குடையில்லாமல் நின்றது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதே இதைச் சொல்லியிருந்தால் என்னவாம் என்று அவர் தோளில் ஒரு குத்து விட்டேன். கண் கலங்கியதை முகத்துக் கரியோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

அவர் இறங்கிப் போய் தீவனக் கடைக்காரரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வண்டி விற்பதற்கில்லை, தேவை இருக்கிறது என்றார். அந்த நல்ல மனுஷர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு இப்படிச் சிரிக்கிற வீட்டில் வண்டி வாங்க வந்தது தன் தப்புதான் என்றார். நல்ல எலுமிச்சங்கன்றாகப் பார்த்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, என் வண்டியிலேயே, நான் ஓட்ட, அவர் கடை வாசலில் இறங்கினார்.

நாலு நாள் கழித்து நல்ல மழை. பூந்தொட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அன்று வீட்டுக்காரர் கேட்டில் நிற்கவில்லை. அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக வைப்பரைத் தான்தான் போடுவேன் என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார். முதல் முறை விட்டேன். அடுத்த முறை நீட்டியபோது கையில் ஒன்று போட்டேன்.