பதினைந்தாம் எண்ணுக்கு வந்த நாற்காலி

அன்று முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில் மாமியார். அதில் அவர் பெற்ற பிள்ளைகள்கூட உட்கார்ந்ததில்லை. சுவரோரப் பெஞ்சில் அந்தப் பிள்ளைகள், அண்ணனும் தம்பியும். கதவருகே ஸ்டூலில், மடியில் கணினியோடு ஆய்வுக்காரப் பெண். தையல் மெஷினுக்குப் பின்னால் மூத்த மருமகள் பெரியவள். தரையில், மாமியாரின் காலடியில் இளைய மருமகள் சின்னவள்.

பெரியவள் வீட்டில் துணி தைப்பவள். சின்னவள் வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவள். நடையை வைத்து உடல்நலத்தைக் கணிக்கும் ஆய்வுக்காக அந்தப் பெண் தந்த தீப்பெட்டியளவு கருவி ஒன்று மூன்று வாரமாக இருவர் இடுப்பிலும் இருந்தது. அன்றாட நடையின் தூரம், வேகம், தயக்கம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். பெரியவளுடையதில் பதினான்கு என்றும் சின்னவளுடையதில் பதினைந்து என்றும் எண் ஒட்டியிருந்தது.

"சின்னவ நடந்தா பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்று மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை பெரியவளின் வயிற்றில் மூன்று வாரமும் எரிந்தது. கருவிகளைத் திருப்பித் தரவேண்டிய காலையில், ஊசிமுனையால் இரண்டு எண்களையும் உரித்து, இடம் மாற்றி ஒட்டிவிட்டாள்.

இன்று முடிவு வந்திருந்தது.

"பதினாலு, பெரியக்கா. வேகம், தூரம் ரெண்டுமே அருமை" என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

"மெஷின மிதிச்சதையும் நடைன்னு எண்ணிடுச்சோ என்னமோ" என்றார் பெரியவளின் கணவர்.

ஆய்வுக்காரப் பெண் கணினியில் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"பதினஞ்சுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. வாரத்துக்கு வாரம் வேகம் குறையுது. நாலு எட்டு வெச்சா ஒரு நிறுத்தம். நோய்னு சொல்லல. ஆனா இதயத்த ஒருதடவ பாத்துடலாம். ஆஸ்பத்திரியில வியாழக்கிழமைக்கு எழுதி வெக்கிறேன்."

"நானா? நாள் பூரா நடக்கிறேனே" என்றாள் சின்னவள்.

"கருவிக்கு உன்மேல என்னடி கோவம்? எந்திரி, இப்படி வந்து உக்காரு" என்று மாமியார் எழுந்துகொண்டார்.

சின்னவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவளின் கணவர், கல்யாணமான இருபது வருஷத்தில் மனைவிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு தராதவர், தம்பி மனைவிக்காக உள்ளே ஓடினார்.

"மாடித் துணிய இனிமே பெரியவ எடுக்கட்டும். அவளுக்கென்ன, அருமையா நடக்கிறா" என்றார் மாமியார்.

மறுநாள் துணியெடுக்கப் போன பெரியவள் பதினெட்டுப் படியில் மூன்று இடத்தில் நின்றாள். மார்பில் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. மூன்று மாதமாகவே இப்படித்தான். தையலில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்திருந்தாள். கீழே பார்த்தாள். நாற்காலியில் சின்னவள், மாமியார் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாத்து இறங்குங்க" என்றாள் சின்னவள், உண்மையான கரிசனத்தோடு. அதுதான் தாங்கவில்லை. நடையில் நிஜமாகச் சின்னவள்தான் ஜெயித்தாள், சரி. பெரியவளின் நோயையுமா அவள் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும்?

ஆய்வுக்காரப் பெண், விவரத்தில் திருத்தமிருந்தால் அனுப்பச் சொல்லி விலாசமெழுதிய உறை ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருந்தாள். பெரியவள் தையல் மெஷின்மேல் தாளை விரித்து எழுதினாள்:

"எண்களை மாற்றி ஒட்டியது நான். பதினைந்தில் பதிவான நடை என்னுடையது. ஆகவே வியாழக்கிழமையும் எனக்கு உரியது. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இருந்தாலும், சின்னவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடவும்."

கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்து, அப்படியே விட்டாள். உறையை நாக்கால் ஈரப்படுத்தி, துணியின் மடிப்பை நகத்தால் நீவுவதுபோல நீவி ஒட்டினாள். தெருக்கோடித் தபால்பெட்டிக்கு நடந்து போனாள். வழியில் இரண்டு இடத்தில் நின்றாள். பிறகு கடிதத்தை உள்ளே போட்டாள்.