மவுஸுக்குள் தணிகைவேல்

செவ்வாய்க்கிழமை காலை, என் மவுஸில் அழுக்கு அளவு மீறிவிட்டதாக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் வீட்டிலிருந்தே டைப் செய்து அனுப்புகிறவள். பதினோரு வருஷமாக அதே மவுஸ்.

"பன்னிரண்டு மணிக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க," என்றார் சூப்பர்வைசர் ஞானசவுந்தரி. "இல்லன்னா உங்க சீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்."

"நான் எங்க வீட்டுலதானே மேடம் உட்கார்ந்திருக்கேன்."

"அந்த சீட்தான்."

மவுஸைத் திருப்பி ஸ்க்ரூவைக் கழற்றினேன். சக்கரத்தைச் சுற்றி முடி இருந்தது. ஊக்கால் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பிறகு பிஸ்கட் தூள், நகத்துணுக்கு, பெயர் தெரியாத கறுப்பு. ஒரு முறம் நிறைந்தது. ஒரு வாளியும் நிறைந்தது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். அடி தட்டவில்லை.

என் கணவர் தணிகைவேல் பேப்பரை மடித்து வைத்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறார்.

"துடைப்பத்தை எடு. நான் உள்ள போய்ப் பெருக்குறேன்."

"இடம் பத்துமா?"

"பத்தும். இப்போ இளைச்சுட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெருக்கும் சத்தம் முதலில் பக்கத்தில் கேட்டது. பிறகு தூரத்தில் கேட்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவரைக் கூப்பிட்டேன்.

"நீ மூடிக்கோ. வேலை போயிடும். இன்னும் ரெண்டு ரூம் பாக்கி இருக்கு."

மூடினேன். அன்றைக்குத் திரையில் அம்பு வழுக்கிக்கொண்டு போனது. ஞானசவுந்தரி பாராட்டினார். சாயங்காலம் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து மவுஸுக்கு சீல் வைத்தார்.

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்," என்றேன்.

"அப்போ வெளியேறும் படிவம். அவர்தான் பூர்த்தி செய்யணும்."

படிவத்தை நான்காக மடித்துச் சக்கரத்தின் இடுக்கில் தள்ளினேன். அரை மணியில் திரும்பி வந்தது. பெயர், வயது, உயரம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. 'வெளியே வருவதற்கான காரணம்' மட்டும் காலி.

இடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன். "இதை ஏன் விட்டுட்டீங்க?"

"யோசிச்சேன். ஒண்ணும் தோணல. நீயே எழுதிடு."

குரலில் கோபம் இல்லை. பெருக்கிக்கொண்டேதான் பேசினார்.

'சாப்பிட வரவேண்டும்' என்று எழுதினேன்.

சீல் வைத்தவர் படித்தார். "இது போதாது. சாப்பாட்டை உள்ளேயே அனுப்பலாம். அடிச்சுட்டு வேற எழுதுங்க."

இந்த இரண்டு வருஷத்தில் நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் தட்டை மூடி வைத்துவிட்டு நான் டைப் செய்வேன். எப்போது சாப்பிட்டார் என்று பார்த்ததில்லை. எனக்குக் கை வலித்தது. முதுகும் வலித்தது.

எழுதியதை அடிக்கவில்லை. அதன் முன்னால் 'என்னோடு' என்று சேர்த்தேன். எழுதும்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அது செல்லுமா என்று கேட்க, சீல் வைத்தவர் யாருக்கோ போன் செய்தார். உள்ளே பெருக்கும் சத்தம் நின்றிருந்தது.