ரோதமுனியைச் சுற்றிய வண்டிகள்

அழகுமுத்துவின் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி, அவர் வீடு வந்து சேர முன்னமே எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. அவர் மனைவி பழனியம்மா போனில் கதைத்தால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தனியாகப் போன் தேவையில்லை. நான் சமையலறை ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்தான். ஆனால் மீன் பொரிக்கும்போது புகை போக வேண்டாமா?

"என்ன பிள்ளை, நல்ல விசயம் போல?" என்று மதிலுக்கு மேலால் கேட்டேன்.

"ஆமாங்கக்கா. வெளிய சொல்லிறாதீங்க. கடுதாசி கையில வந்தாத்தான் நிச்சயம்."

நான் யாருக்குச் சொல்லப்போகிறேன்? ஒழுங்கை முகப்பில் தையல் கடை வைத்திருக்கும் கைருன்னிஸாவுக்கு மட்டும் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் மகன் ஷிஹானும் இந்த விவகாரத்தில் ஒரு பங்காளி.

அழகுமுத்து அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினொரு வருடமாக ஒரு கோல்ப் கிளப்பில் நாட்கூலிக்குப் புல் வெட்டுகிறார். காய்ச்சலென்று ஒரு நாள் படுத்தால் அன்றைக்கு வேலை இல்லாத மனுசன். அங்கே வரும் பெரிய மனிதர்கள் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால் நடக்க மாட்டார்கள். பற்றரி வண்டியில் போவார்கள். வண்டிக்கென்று பாதை போட்டிருக்கிறது. மழை நாளில் அதை விட்டு இறங்காதீர்கள் என்று மூன்று மொழியிலும் பலகை நட்டிருக்கிறது. மூன்று மொழியும் தெரிந்தவர்கள் பலகையைச் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் ஓட்டுவார்கள். சேற்றுத் தடத்தை மூடுவது அழகுமுத்து.

அதனால் ஷிஹானின் கம்பனி வண்டிகளுக்கு ஜிபிஎஸ் பூட்டியது. பாதையை விட்டு விலகினால் வண்டி கீச்சிட்டு நின்றுவிடும். குறுக்கே ஓடும் கெட்டிக்காரர்களுக்காக ஷிஹான் இன்னொன்றும் செய்திருந்தான்: பாதையின் ஒரு துண்டை முடித்தால்தான் அடுத்த துண்டு திறக்கும். சரி, பாதை எது என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒரு சின்னக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதை முழுக்க நடந்து காட்ட வேண்டும். பந்து விழ வேண்டிய பதினெட்டுக் குழிகளில் முதல் ஒன்பதுக்கு நடந்து காட்டியவர் அழகுமுத்து.

"எல்லாம் சரியா ஓடினா, வண்டிப் பொறுப்புக்கு உன்னப் பெர்மனன்ட் பண்றன் மேன்" என்று மைதான மனேஜர் பிறெடி சொல்லியிருந்தார். பிறெடி கொட்டாஞ்சேனை ஆள். வாக்குக் கொடுக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். திருப்பி எடுக்கும்போதும் அப்படியே.

தொடக்க நாள் சனிக்கிழமை காலை. நடந்ததெல்லாம் கைருன்னிஸா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு வண்டிகள் புறப்பட்டன. முன்வண்டியில் கிளப் செயற்குழுவில் இருக்கும் டெனிஷா என்ற சட்டத்தரணி அம்மா. ஆறாம் குழி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டி அரசமரத்தடிக்கு வந்ததும் முதல் வண்டி கீச்சிட்டு நின்றது. பின்னால் வந்த ஆறும் நின்றன. எல்லாம் பாதையில்தான் நின்றன. வண்டித் திரையில் இருந்த அம்பு மட்டும் புல்லைக் காட்டியது.

"என்ன மேன் ஷிஹான், உன்ட சட்டலைட் குடிச்சிருக்கா?" என்றார் பிறெடி.

ஷிஹான் மடிக்கணினியைத் திறந்தான். வரைபடத்தில் மரத்தைச் சுற்றித் தடித்த கிறுக்கல் ஒன்று. அவன் அதை முன்பே கண்டிருக்கிறான். மரநிழலில் சிக்னல் தடுமாறுவது வழக்கம் என்று விட்டுவிட்டான்.

"மரத்துக்குக் கீழ சிக்னல் இப்பிடித்தான் ஆடும் சேர்..."

அதோடு கதை முடிந்திருக்கும். அழகுமுத்து வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும்.

"சிக்னல் இல்லீங்க சேர். நான்தான் சுத்துனேன்."

"என்னத்தச் சுத்தினாய்?"

"ரோதமுனியங்க. மூணு சுத்து."

அந்த மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் சில்லு சுழலும் இடத்துக்கெல்லாம் ரோதமுனிதான் காவல். தோட்டத்திலிருந்து வந்த வேலையாட்கள் அவரையும் கூடவே கூட்டி வந்துவிட்டார்கள். புது மெசினைக் கையில் எடுத்தவர் அவரைச் சுற்றாமல் தாண்ட மாட்டார். அழகுமுத்து கருவியும் கையுமாகப் பாதையை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, மூன்று தரம் சுற்றி, மரத்துக்கு அப்பால் போய்ப் பாதையில் ஏறியிருக்கிறார். நடுவில் விட்ட துண்டு வண்டிகளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

"பெர்மனன்ட் கேக்கிற ஆள் செய்ற வேலையா மேன் இது? வாயை மூடிட்டாவது நிண்டிருக்கலாமே!"

"நான் செஞ்ச பெழைக்கு அந்தத் தம்பி ஏச்சு வாங்கக் கூடாதுங்களே."

பிறெடி சிலுவை போட்டார். எதற்கென்று அழகுமுத்துவுக்கு விளங்கியது.

திருத்த அரை மணித்தியாலம் வேண்டும் என்றான் ஷிஹான். டெனிஷாவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"மூண்டு தரம் சுத்தினா துறக்குமா?"

"துறக்கும் மெடம்."

அவர் வண்டியைத் திருப்பினார். அழகுமுத்து பதறிக்கொண்டு முன்னால் ஓடினார். "அந்தப் பக்கமில்லீங்க மெடம்! வலமாப் போங்க, வலமா!" மற்ற ஆறும் பின்னால் போயின. ஆடிவேல் ரதம்கூட அவ்வளவு ஒழுங்காகப் போய் நான் பார்த்ததில்லை.

ஏழாம் குழிக்கு முன்னால் ஒரு குளம். ஆறு வருடமாக டெனிஷாவின் பந்துகளை அதுதான் தின்று வளர்ந்தது. அன்றைக்குப் பந்து குளத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் விழுந்தது. பின்னால் வந்த இரண்டு பேருக்கும் அப்படியே.

ராசியான கையுறை என்று ஒன்றையே வருடக்கணக்காகக் கழுவாமல் போடுகிற கூட்டம் அது.  அடுத்த செயற்குழுவில், மரத்தைச் சுற்றும் பாதை அப்படியே இருக்கட்டும், புல் கெடாமல் கல் பதிக்கலாம் என்று தீர்மானமாயிற்று. கூட்டக் குறிப்பில் அதன் பெயர் "இயற்கை எழில் பாதை". சட்டம் படித்தவர்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

வண்டிப் பொறுப்புக்குப் பிறெடி வேறொருவரின் பெயரோடு வந்திருந்தாராம். டெனிஷா விடவில்லை. "தன்ட பிழையத் தானே வந்து சொல்ற ஆள் இந்தக் கிளப்பில வேற ஆர் இருக்கிறீங்கள்? வண்டிகள அவரிட்டக் குடுங்கோ" என்றாராம். 

புதன்கிழமை கடிதம் வந்தது. பழனியம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மதிலுக்கு மேலால் நீட்டினாள். நான் இரண்டு தரம் வாசித்தேன். கண்ணில் ஏதோ விழுந்தது. மீன் புகையாக இருக்க வேண்டும், அடுப்பு மூட்டாவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஹான் கருவியோடு அவர்கள் வீட்டுக்கு வந்தான். மிச்ச ஒன்பது குழிக்கும் நடக்க வேண்டுமாம்.

"அண்ணன், தொடங்க முன்ன சொல்லிடுங்க. வேற எங்கயாச்சும் சாமி ஈக்கா?"

அழகுமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பதிமூணாங் குழிகிட்ட மாடசாமி இருக்காருங்க தம்பி. ஆனா அவரு ஒரு சுத்தோட விட்டுருவாரு."